பகலில்தானே ஷட்டவுன்

என் வீட்டுக்காரர் மூச்சை மிச்சம் பிடித்து கரண்டு பில்லைக் குறைக்கப் பார்த்த மனுஷன். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வந்தது ஆத்திரம்தான்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் பெயிண்டராக இருந்தார். பட்டி தேய்த்த தூளும் ஸ்ப்ரே அடித்த புகையும் உள்ளே போய்ப் போய், ஐம்பத்தாறு வயதில் நுரையீரல் இறுகிப்போனது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் வைத்திருந்துவிட்டு, ஆக்சிஜன் மெஷின் வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக்குழாய்க்கு அனுப்புகிற மெஷின். இருபத்துநாலு மணி நேரமும் ஓட வேண்டும், கரண்டு இருந்தால்தான் ஓடும்.

அதுவரை எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு நூற்றைம்பது யூனிட்டைத் தாண்டியதில்லை. முதல் நூறு இலவசம், மீதிக்கு ஏதோ கொஞ்சம் கட்டுவோம். இந்த மெஷின் ஒன்று மட்டும் ஐநூறு யூனிட்டைத் தின்றது. ஐநூறைத் தாண்டிவிட்டால் யூனிட்டின் விலையே வேறு. முதல் பில் மூவாயிரத்துச் சொச்சம் வந்தது. அவர் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நான் ஒரு தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடத்தின் விடுதி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஒரு நாள் தலைவலி என்று மதியமே வீட்டுக்கு வந்தேன். மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், மூக்கில் குழாய் இருக்கிறது, மெஷின் சத்தத்தைக் காணோம். உதடு நாவல்பழம் தின்றவர் மாதிரி இருந்தது. ஓடிப்போய்ச் சுவிட்சைப் போட்டேன்.

"ஏனுங்க, உங்களுக்குப் புத்தி பெரண்டு போச்சா? எத்தன நாளா இந்தக் கூத்து?"

"சும்மா உக்காந்திருக்கறவனுக்கு என்னத்துக்குப் புள்ள அது? நீ வர்றதுக்கு முன்னால போட்டுக்குவேன்."

"அப்பறம் கொழாயி எதுக்கு மாட்டியிருக்கறீங்க?"

"பக்கத்தூட்டுக்காரங்க எட்டிப் பாத்தா உங்கிட்டச் சொல்லிப்போடுவாங்கல்ல."

அன்றைக்கு நான் அழுத அழுகையும் திட்டிய திட்டும் தெருவுக்கே கேட்டிருக்கும். ஆனால் திட்டி என்ன ஆகப்போகிறது? காலையில் நான் கிளம்பினால் சாயங்காலம் வரைக்கும் சுவிட்ச் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. மெஷின் ஓடினால் காசு போகாது என்று அந்த மனுஷனுக்கு நான் எப்படியாவது காட்டியாக வேண்டும். அப்படித்தான் எனக்குச் சோலார் பைத்தியம் பிடித்தது.

சோலார் போட்டுத் தருகிறவர் மொட்டைமாடியில் டேப் பிடித்து அளந்தார். மூன்று கிலோவாட் போதும், நல்ல வெயில் அடித்தால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் வரும் என்றார். செலவு இரண்டு லட்சத்துக்கு மேல். சர்க்கார் மானியம் எழுபத்தெட்டாயிரம் உண்டு. ஆனால் அது பேனல் மாட்டி, ஈ.பி.க்காரர்கள் பார்த்து, மீட்டர் மாற்றிய பிறகுதான் கணக்குக்கு வரும். அதுவரைக்கும் முழுப் பணமும் நம் கையிலிருந்துதான். பி.எஃப். பணத்தை எடுத்தேன், வளையலை விற்றேன். அப்படியும் பதினைந்தாயிரம் குறைந்தது.

இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருந்தன, மெஷினுக்காகவே வாங்கியவை. எங்கள் பக்கத்தில் மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு என்று ஷட்டவுன் செய்வார்கள், காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை. எந்தெந்த ஊருக்கு என்று முதல் நாள் பேப்பரில் வரும். நான் அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுவேன். அன்றைக்கு மூன்று மணி நேரம் பேட்டரி, மீதி நேரத்துக்கு ஆக்சிஜன் சிலிண்டர் என்று ஓட்டுவோம். பணம் குறைந்தபோது என் புத்தி ஒரு கணக்குப் போட்டது. ஷட்டவுன் பகலில்தானே? வெயிலும் பகலில்தானே? மாடியிலேயே கரண்டு காய்ச்சும்போது பேட்டரி எதற்கு? பேட்டரிக் கடைக்காரர் பதினைந்தாயிரம் கொடுத்து இரண்டையும் தூக்கிக்கொண்டு போனார். நம்மைப்போலக் கெட்டிக்காரி உண்டா என்று எனக்கே பெருமையாக இருந்தது.

பேனல் வந்தது. முதல் நாளே போனில் சோலார் கணக்கைக் காட்டினேன். "பாருங்க, காலைல இருந்து ஏழு யூனிட்டு. உங்க மெஷினு வெயில்ல ஓடுது." அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். பகலில் சுவிட்சைத் தொடுவதை நிறுத்தினார். ராத்திரியில் மட்டும் கை அரித்தது, "சூரியன் போயிருச்சல்ல புள்ள" என்பார். பகலில் மிஞ்சுவது ஈ.பி. லைனுக்குப் போகிறது, ராத்திரி அதைத்தான் திருப்பி எடுக்கிறோம் என்று ஒரு வாரம் தொண்டை காயச் சொன்னேன். "அவுங்க திருப்பிக் குடுப்பாங்கன்னு நம்புற பாரு" என்று எகத்தாளம் பண்ணினார். முதல் பில் இருநூறு ரூபாய்க்குள் வந்தபிறகுதான் நம்பினார். அந்த இரண்டு மாதமும் அவர் முகத்தில் ரத்தம் இருந்தது. வாசல்வரைக்கும் நடந்தார், சாப்பாட்டில் உப்பு பத்தவில்லை என்று சண்டை போட்டார்.

பப்ளிக் பரீட்சை நேரம் என்று அந்த இரண்டு மாதமும் ஷட்டவுனே செய்யவில்லை. நானும் பேப்பரில் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். சிலிண்டரையும் நிரப்பி வைக்கவில்லை.

சித்திரை வெயில், பள்ளிக்கூடம் லீவு. ஒன்பது மணிக்கு ஃபேன் நின்றது. மெஷின் ஒரு தடவை நீளமாகக் கத்திவிட்டு அடங்கியது. சோலார் எடுத்துக்கொள்ள ஒரு நிமிஷம் ஆகுமாக்கும் என்று நின்றேன். இரண்டு நிமிஷம் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். மாடிக்கு ஓடினேன். பேனல்மேல் கண் கூசுகிற வெயில், கீழே என் வீட்டில் பொட்டுக் கரண்டு இல்லை. சோலார்காரருக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அது லைனோட சேர்ந்த சிஸ்டமுங்க்கா. லைன்ல கரண்டு இருந்தாத்தான் அதுவும் ஓடும். கம்பத்துல வேலை செய்யறவங்களுக்கு ஷாக் அடிச்சிறக்கூடாதுன்னு தானா நின்னுரும். மாட்டறப்பவே சொன்னனுங்களே?"

சொல்லியிருப்பார். என் காதில் எழுபத்தெட்டாயிரம் மட்டும்தான் விழுந்திருக்கும்.

"பேட்டரி வெச்சிருக்கறீங்கல்லக்கா?" என்றார். நான் போனை வைத்தேன்.

சிலிண்டரில் முள் அடியில் கிடந்தது. அரை மணி நேரம் வரும், அவ்வளவுதான். "ஆஸ்பத்திரிக்குப் போயர்லாமுங்க" என்றேன். தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அந்தப் பதினோரு நாளுக்கு அவர் பயந்தார். அந்த நேரத்தில்தான் இரண்டு தெரு தள்ளி டபடபவென்று ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. அவர் கையைத் தூக்கி அந்தப் பக்கம் காட்டினார். அவருடைய பழைய பட்டறை.

ஆட்டோக்காரர் மெஷினைத் தூக்கி வைத்தார். என் வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாக ஏற்றி, சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டறை வாசலிலேயே பெயிண்ட் வாடை மூஞ்சியில் அடித்தது. அவருடைய நெஞ்சைத் தின்ற வாடை. அதற்குள்ளேயே அவரை நானே கொண்டுபோகிறேன் என்று நினைத்தபோது செத்துப்போகலாம்போல இருந்தது.

"அண்ணன் வந்திருக்கறாரு, கம்ப்ரஸரை நிறுத்துங்கடா!" என்று முதலாளி கத்தினார். ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்த ஐந்து பேரும் வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். முதலாளியின் அறைக்கதவைச் சாத்தி, இடுக்கில் துணி அடைத்து, ஜெனரேட்டர் லைனில் மெஷினைச் சொருகினார்கள். அது ஓடத் தொடங்கியதும் நான் அந்தச் சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "வெசனப்படாதீங்க்கா, அஞ்சு மணி வரைக்கும் இன்னைக்கு நமக்கு லீவுதான்" என்றார் முதலாளி. அந்த ஆளை மூன்று வருஷமாக மனசுக்குள் சபித்துக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மதியத்துக்குமேல் அவருக்குப் பேச்சு வந்தது. கண்ணாடி வழியாக வெளியே நின்ற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "கதவுல கோடு வளைஞ்சிருக்குது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து என் கையைத் தொட்டு, "ஏம்புள்ள, டீசல் எத்தன லிட்டரு ஊத்துனாங்கன்னு கேட்டியா? கொஞ்ச நேரம் நிறுத்திக்கலாமா?" என்றார்.

"உங்க கால்ல உழுவறேன், பேசாம மூச்சு உடுங்க" என்றேன்.

மானியப் பணம் அந்த வாரமே கணக்கில் ஏறியது. அதே கடைக்குப் போய்ப் புதிதாக இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கினேன், விற்ற விலையைப்போல இரண்டு மடங்கு கொடுத்து. ஆனால் அந்தப் பகலுக்குப் பிறகு அவர் வாசல்வரைக்கும் நடக்கவே இல்லை. நெஞ்சு ஏற்கெனவே அந்த நிலைக்கு வந்திருந்தது, நீங்கள் எதுவும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். நான் நம்பவில்லை. ஆடி மாதம் ஒரு விடியற்காலையில், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவர் போய்விட்டார். கூடத்தில் ஆட்கள் கூடி வெகுநேரம் ஆன பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை, கடைசியில் நான்தான் எழுந்துபோய் நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு வந்த கணக்கெடுப்புக்கு மீட்டர் பார்க்கிறவர் வந்தார். எங்கள் வீட்டு விஷயம் அவருக்குத் தெரியாது. கையிலிருந்த பில் போடுகிற கருவியில் தட்டிப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார்.

"நீங்க எடுத்ததவிட லைனுக்குக் குடுத்ததுதான் அதிகமுங்க. சோலார் போட்டவங்கள்ல உங்களுக்குத்தான் நல்ல மிச்சம். போன தடவைக்கு இந்தத் தடவை ஊட்ல என்னமோ பெருசா நிறுத்திட்டீங்களாட்ட இருக்குதுங்க?"

"ஆமாங்க, நிறுத்தியாச்சு" என்றேன்.