பச்சையாகவே நின்ற வாதாமரம்

ஆவடி குவார்ட்டர்ஸில் ஞானகுமாரி வீட்டு வாசலில் நின்ற வாதாமரம் ஒவ்வொரு ஜனவரியிலும் மஞ்சளாகி, பிறகு ரத்தச் சிவப்பாகும். இந்த வெயில் ஊரில் வேறு எந்த மரத்துக்கும் அந்தத் துணிச்சல் கிடையாது. பெருக்க வரும் புஷ்பாவுக்கு மட்டும் அது பிடிக்காது. அத்தனை பெரிய இலைகளை வாரி வாரி அவளுக்கு இடுப்பு ஒடிந்துவிடும்.

ஞானகுமாரி தொழிற்சாலையில் ராணுவ உடுப்பு தைப்பவள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தம்பி டேவிட்டை வளர்த்துப் படிக்க வைத்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "அவன் படிப்பு முடியட்டும்" என்றாள். படிப்பு முடிவதற்குள் பேச்சு நின்றுவிட்டது.

டேவிட் அமெரிக்கா போய், கல்யாணம் செய்துகொண்டு, வீடும் வாங்கினான். 1984 முதல் ஒவ்வொரு அக்டோபரிலும் அந்த வீட்டு மேப்பிள் மரம் சிவந்து நிற்கும் போட்டோ வரும். பின்னால் ஒரே வரி: "நம்ம வாதாமரம் மாதிரியே இருக்குக்கா. உன்னை ஒரு நாள் இதுக்குக் கீழே உட்கார வைக்கணும்." பத்து வருஷமாக அதே வரி. கார்பன் வைத்து எழுதினானோ என்னவோ! அவள் பத்து முறையும் நம்பினாள்.

1994 பிப்ரவரியோடு வேலை முடிகிறது. பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது? தம்பியோடு போய்விட வேண்டும் என்பதுதான் ஆசை. ஆனால் வாய்விட்டுக் கேட்க மாட்டாள். வளர்த்தவள் எப்படிக் கேட்பாள்? ஜனவரியில் பத்து நாள் வருவதாக அவன் எழுதியிருந்தான். சிவந்த மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால் அந்த வரி அவனுக்கே ஞாபகம் வரும், அவனே கூப்பிடுவான் என்று நினைத்தாள்.

அந்த வருஷம் மழை தை வரை இழுத்தது. டேவிட் வந்தபோது மரம் கொழுகொழுவென்று பச்சையாகவே நின்றது.

"இன்னாம்மா, தம்பி வந்துகீற நேரமா பாத்து இது அடம் புடிக்குது?" என்றாள் புஷ்பா.

ஞானகுமாரி தினமும் காலையில் அண்ணாந்து கிளை கிளையாகத் தேடினாள். ஒன்பதாம் நாள் ஒரே ஓர் இலை, ஓரத்தில் மட்டும் சிவந்திருந்தது. அதைப் பறித்துக் காப்பியோடு கொண்டுபோய் வைத்தாள்.

"ஞாபகம் இருக்கா டேவிட்?"

அவன் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பூச்சி விழுந்திருக்கு போலக்கா. நானே பேசணும்னு இருந்தேன். இங்கே பக்கத்துல வெள்ளானூர்ல உனக்கு ஒரு ரூம் பேசி முடிச்சிட்டேன். ஒரு ஆளுக்குத் தாராளம்."

"சரிப்பா" என்றாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அவன் விமானம் ஏறிய மூன்றாம் வாரம் மரம் உச்சி முதல் அடி வரை சிவந்தது. புஷ்பா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"பாக்காமயே பூட்டாரேம்மா!"

"ஆமாம்" என்றாள் ஞானகுமாரி. அன்று அவளும் ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூடவே பெருக்கினாள்.

வெள்ளானூர் அறை வாசலில் மரம் எதுவும் இல்லை. அக்டோபரில் போட்டோ மட்டும் தவறாமல் வந்தது. மேப்பிள் சிவந்திருந்தது. அதன் கீழே புதிதாக ஒரு பெஞ்சு, இரண்டு பேர் உட்காரும் பெஞ்சு. டேவிட்டும் அவன் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

திருப்பிப் பார்த்தாள். பின்னால் அதே வரி. முதல் முறையாக அவள் அதை நம்பவில்லை.