மீட்டர் ஊசி குத்திய இடம்

1. தைப்பூசத்தன்று நின்ற வேன்

தைப்பூசத்தன்று காலை பத்து மணிக்குக் கணேசனிடமிருந்து போன் வந்தது. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் கேட்டரிங் நடத்துபவர். காவடி எடுத்து வருபவர்களுக்கு வருடா வருடம் அவர் உபயமாகக் கொடுக்கும் சாப்பாடு, டோபி காட் பக்கம் மழையில் நின்றுபோன வேனுக்குள் இருந்தது.

"மணியம், வண்டி செத்துப் போச்சு லா. அங்க ஆளுங்க பசியோட நிக்கிறாங்க, எனக்கு மேல மேல போன் வருது. சீக்கிரம் வாங்க."

நான் ஜாலான் புசாரை ஒட்டிய ஓர் ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு ஆண்டுகள் வண்டி வயரிங் வேலை பார்த்தவன். இப்போது ஓய்வு. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேட்டார்கள். கண்டுபிடித்த கோளாறுகளைப் பற்றி எழுதினால் எனக்குப் பெருமை. ஆனால் மழை பெய்தால் இன்றும் ஞாபகத்துக்கு வருவது இந்த வேன்தான். அதனால் இதையே எழுதுகிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. சாப்பாட்டு டப்பாக்களை டிராலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். டிரைவர் சாகுல் பாய் சட்டையெல்லாம் நனைந்து வேன் பக்கத்தில் நின்றார். நான் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. மழைக் கோளாறின் குணமே அதுதான். மெக்கானிக் வந்ததும் நல்ல பிள்ளையாகிவிடும்.

அந்த மழைக்காலத்தில் அந்த வேன் நின்றது அது மூன்றாவது முறை. முந்தைய இரண்டு முறையும் நான்தான் பார்த்தேன். வயர்களை இணைக்கும் கனெக்டர்களைக் கழற்றி, காற்றடித்து, ஈரம் போக்கும் ஸ்ப்ரே போட்டு அனுப்பினேன். காரணம் கண்டுபிடிக்கவில்லை. அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை.

"பாய், வண்டிய கழுவினீங்களா?"

"நேத்து கழுவினேண்ணே. கோயில் சாப்பாடு ஏத்துற வண்டி, சுத்தமா இருக்கணும்ல? நேத்து மீன் ஆர்டர் வேற போச்சு. உள்ள வெளிய எல்லாம் ஹோஸ் புடிச்சு அடிச்சேன்."

"டயர் பக்கம்?"

"அங்கயும்தான். சேறா இருந்துச்சு."

எனக்கு அது போதும். கணேசனுக்குப் போன் போட்டு, சாகுல் பாய் கேட்கும்படியே சொன்னேன்: "பாஸ், பாய் ஹோஸ் புடிச்சு அடிச்சிருக்காரு. டயர் வழியா தண்ணி மேல ஏறி சென்சார்ல போயிருக்கு. அதான்."

சாகுல் பாய் ஈரச் சட்டையின் நுனியைப் பிழிந்தார். "எனக்குத் தெரியாம போச்சேண்ணே" என்று மட்டும் சொன்னார். அவர் யாருடைய சாப்பாட்டுக்காக அந்த வேனைக் கழுவினார் என்று நான் யோசிக்கவே இல்லை. அடுத்த வாரம் கணேசன் அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

2. மடித்துவிட்ட டேப்

மார்ச்சில் ஒரு மத்தியான மழையில் அதே வேன் மறுபடியும் நின்றது. டோ டிரக்கில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். புது டிரைவர் வண்டியைக் கழுவாதவர் என்பது பார்த்தாலே தெரிந்தது. கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம் போல் தூசி.

அன்றுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். இன்ஜினை ஓடவிட்டு, பூச்செடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, வயர்க்கட்டின் மேல் ஒவ்வொரு சாணாக அடித்துக்கொண்டு வந்தேன். பாதி தூரம் வரை ஒன்றுமில்லை. முன்சக்கரத்துக்கு மேலே, இன்ஜின் சுழல்வதைக் கவனிக்கும் கிராங்க் சென்சாருக்குப் போகும் வயர்மேல் அடித்ததும் இன்ஜின் சட்டென்று நின்றது. அந்த சென்சார் சொல்லவில்லை என்றால் இன்ஜினுக்கு எப்போது தீப்பொறி கொடுப்பது என்று தெரியாது.

அந்த இடத்தில் துணி டேப் சுற்றியிருந்தது. டேப்பின் நுனி உள்பக்கமாக மடித்து விடப்பட்டிருந்தது.

ஒர்க்‌ஷாப்பில் நுனியை மடித்துவிடுகிறவன் நான் ஒருவன்தான். பிறகு பிரிப்பதற்குச் சுலபம் என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வேன். "டேப்ப பாத்தே மணியம் வேலைன்னு சொல்லிடலாம்" என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள்.

டேப்பைப் பிரித்தேன். ஈரத்தை உறிஞ்சி ஊறிப்போயிருந்தது. உள்ளே வயரின் மேல்தோலில் ஒரு பொட்டு ஓட்டை. அதைச் சுற்றிப் பச்சைப் பொடி. செம்பு அரித்துப்போயிருந்தது.

போன வருடம் ஜூலையில் இந்த வேன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று வந்தது. சிக்னல் வருகிறதா என்று பார்க்க, மின்னோட்டம் பார்க்கும் மீட்டரின் ஊசியை நான் அந்த வயருக்குள் குத்தினேன். கனெக்டரைப் பின்பக்கமாகத் திறந்து பார்க்கலாம், நேரமாகும். ஊசி என்றால் ஒரு நொடி. கடைசியில் பேட்டரிதான் போயிருந்தது. குத்தின இடத்தை டேப் சுற்றி மூடிவிட்டு மறந்துபோனேன். அந்த ஓட்டை வழியாகத்தான் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வயரின் அந்தத் துண்டை வெட்டி எடுத்து, புதிது போட்டேன். கணேசன் வண்டி எடுக்க வந்தார்.

"என்ன பிரச்சனை மணியம்?"

"சென்சார் வயர் பழசாயிடுச்சு பாஸ். மாத்திட்டேன்."

"அப்போ பாய் தண்ணி அடிச்சது?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. ஒரே ஒரு வாக்கியம்தான்.

"அதுவும் ஒரு காரணம்தான் பாஸ்" என்றேன்.

ஊசி குத்தியது அவசரத்தில் செய்த தவறு. இது நன்றாகத் தெரிந்தே செய்தது. வெட்டிய துண்டை எறியவும் மனம் வராமல் டூல் பாக்ஸின் அடித்தட்டில் போட்டுவைத்தேன். ஸ்பேனர் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும். வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

3. வாளியும் துணியும்

ஆகஸ்டில் சாகுல் பாய் என்னைத் தேடி ஒர்க்‌ஷாப்புக்கே வந்தார். காய்கறிக் கடை ஒன்றில் பகுதிநேரமாக வண்டி ஓட்டுவதாகச் சொன்னார். அந்தக் கடை வேனின் பவர் விண்டோ வேலை செய்யவில்லையாம்.

"வேற எடம் போலாம்னு முதலாளி சொன்னாரு. நான்தான், மணியம் அண்ணன்கிட்ட போலாம், தப்பு எங்க இருக்குன்னு கரெக்டா சொல்லுவாருன்னு இங்க கொண்டாந்தேன்."

வேனின் பின்பக்கம் ஒரு வாளியும் பழைய துணியும் இருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தார். "இப்பல்லாம் ஹோஸ தொடுறதே இல்லண்ணே. ஈரத்துணியால தொடைக்கிறதோட சரி. ஒரு தடவ பட்டது போதும்."

அந்த மனிதர் நான் சொன்னதை அப்படியே நம்பியிருந்தார். ஏழு மாதமாகத் தன்னால்தான் அத்தனை பேர் சாப்பாட்டுக்குக் காத்து நின்றார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். டூல் பாக்ஸைத் திறந்து வயர்த் துண்டை எடுத்து அவர் கையில் வைத்தேன். ஜூலை, ஊசி, டேப், மார்ச்சில் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் வாசல் வெளிச்சத்துக்கு நகர்ந்தார். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கணேசன் அண்ணனுக்குத் தெரியுமா?"

"இல்ல பாய். இன்னைக்கே போன் பண்றேன். உங்கள திரும்ப எடுத்துக்கச் சொல்றேன்."

"வேல இப்ப வேணாம்ணே. எம் வீட்டுக்கு வந்து சொல்லுங்க. அது போதும்."

அன்றே கணேசனிடம் சொன்னேன். "சரி" என்றார். அதன்பிறகு அவர் வண்டி எதுவும் என்னிடம் வரவில்லை. அது நியாயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூன் கெங்கில் இருக்கும் சாகுல் பாய் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள் எதிரே உட்கார்ந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டே சொல்லி முடித்தேன்.

மனைவி என்னைப் பார்க்கவில்லை; கணவரைத்தான் பார்த்தார். "யாரு உங்கள கழுவச் சொன்னான்னு எத்தன நாள் கேட்டிருப்பேன். ஒரு தடவகூட பதில் பேசலயே நீங்க."

"விடு, விடு" என்றார் சாகுல் பாய்.

மகள் கேட்டாள்: "ஸோ, மார்ச்லயே உங்களுக்குத் தெரியும், அங்கிள்?"

"தெரியும்மா."

"இப்போ ஆகஸ்ட்" என்றாள். தேநீர் ஆறிப்போயிருந்தது. அதைக் குடிக்க எனக்குத் தகுதி இல்லை என்று தோன்றியது. ஆனாலும் குடித்தேன்.

வயரைக் குத்தாதீர்கள், கனெக்டரின் பின்பக்கமாகப் பாருங்கள், சக்கரத்துப் பக்கம் துணி டேப் சுற்றாதீர்கள். இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது வேறு. மழையில் நின்ற வண்டி உங்களிடம் திரும்பி வந்தால், யார் தண்ணீர் ஊற்றியது என்று கேட்கும் முன், அதே வண்டிக்கு முன்பு நீங்கள் பார்த்த வேலையின் ஜாப் கார்டை எடுத்துப் பாருங்கள். உங்கள் கை பட்ட இடத்தை முதலில் பிரியுங்கள். அங்கே பச்சைப் பொடி இருந்தால், அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் ஐந்து மாதம் தாமதித்தேன். அந்த ஐந்து மாதமும் ஒரு வீட்டில் ஒருவர், செய்யாத தப்புக்குப் பதில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.