முதலிடம் பிடித்த பக்கம்

ஷியாமளாவுக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்த கதை கல்கத்தா பவானிபூரில் தெரியாதவர் கிடையாது. போர்ட் டிரஸ்டில் வேலை பார்க்கும் கணவர் குருமூர்த்தி ஆபீஸ் கிளம்பியதும் அதன் முன்னால் உட்காருவாள். சாயங்காலம் அவர் வந்து மணியடிக்கும் வரை எழுந்திருக்க மாட்டாள். பொழுதுபோக்குக்கு அல்ல, அண்ணாவுக்காக. வேலூரில் அவள் அண்ணா பட்டாபிராமன் ஒரு லாட்ஜ் வைத்திருந்தார். வைத்தியத்துக்கென்று கல்கத்தாவிலிருந்து அந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயில் ரயிலாக ஜனங்கள் போகிறார்கள். ஆனால் அண்ணாவின் அறைகளில் கொசுதான் குடியிருந்தது. இந்த வருஷமும் இப்படியே போனால் இழுத்து மூட வேண்டியதுதான் என்று அவர் போனில் அழாத குறை. அதனால் 2006-இல் லாட்ஜுக்கு ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தாள் தங்கை.

போட்டு என்ன பிரயோஜனம்? கூகிளில் தேடினால் ஏழாம் பக்கத்தில் கிடந்தது. அதுவரைக்கும் எவன் புரட்டிக்கொண்டு வருவான்?

ஷியாமளா விடவில்லை. இணையத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தாள். நோயாளி வீட்டுக்காரர்கள் லாட்ஜைத் தேடுவதில்லை, ‘வேலூர் டிரீட்மென்ட்’ என்றுதான் தட்டுகிறார்கள் என்று கண்டுபிடித்தாள். சரி, அதுவே தலைப்பு. பத்திக்குப் பத்தி அதே வார்த்தை. லாட்ஜ் என்ற சொல் அடியில், பொடி எழுத்துக்குப் போயிற்று. கட்டில் படத்தை எடுத்துவிட்டு, கழுத்தில் ஸ்டெத்தஸ்கோப் மாட்டிய ஒருவர் சிரிக்கும் படத்தைப் போட்டாள். பதிவுப் படிவத்தில் கேள்வி குறைந்தால் நிரப்புகிறவர்கள் கூடுவார்கள் என்று படித்தாள் இல்லையா, உடனே எந்தத் தேதி, எத்தனை அறை என்ற கேள்விகளையும் தூக்கிவிட்டாள். பெயர், போன் நம்பர், என்ன வியாதி. அவ்வளவுதான். கீழே ‘இப்போதே பதிவு செய்யுங்கள்’ என்று பெரிய சிவப்புப் பட்டன். அழுத்தினால், ‘உங்கள் பதிவு கிடைத்தது, விரைவில் அழைப்போம்’ என்று வரும். உள்ளூர் விலாசம் இருந்தால் வங்காளிகள் நம்புவார்கள் என்று தன் வீட்டு விலாசத்தையும் சேர்த்தாள்.

ஒருநாள் காலையில் அவள் போட்ட கத்தலில் குருமூர்த்தி முகமெல்லாம் ஷேவிங் நுரையோடு ஓடிவந்தார்.

“ஏன்னா! முதல் இடம்! முதல் பக்கத்துல முதல் இடம்!”

“இதுக்கா இப்படிக் கத்தினே? நான் கேஸ்தான் வெடிச்சுதோன்னு பார்த்தேன்” என்றார் அவர்.

அண்ணாவுக்குத் தலைகால் புரியவில்லை. “ரூமெல்லாம் ரொம்பிடுத்துடி ஷியாமா! நாள் பூரா போன்தான் போ!” ஷியாமளாவைக் கேட்க வேண்டுமா? லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கும்போதுகூடத் தன் பக்கத்தைப் பற்றித்தான் பேச்சு.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசல் மணி அடித்தது. கையில் எக்ஸ்ரே உறையோடு ஒரு மனிதர், பின்னால் கழுத்தைச் சேலையால் மூடிய அவர் மனைவி. கிடர்பூரில் ஒரு சரக்குக் கம்பெனியில் கிளார்க்காம், பெயர் நிதாய். செருப்பைக் கீழ்ப் படியிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தார்.

“டாக்டர் என்னிக்கு வருவார், தீதி?” என்று அக்கா முறை வைத்து வங்காளத்தில் கேட்டார்.

“எந்த டாக்டர்?”

“வேலூர் டாக்டர். துர்கா பூஜைக்கு முன்னாடியே பதிவு பண்ணிட்டோமே. கூப்பிடறோம்னு எழுதி வந்துதே. இது அவங்க கல்கத்தா ஆபீஸ்தானே?”

ஷியாமளாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அது லாட்ஜ், ஆஸ்பத்திரி இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பெண்மணி சேலையை விலக்கிக் காட்டினாள். தொண்டையில் எலுமிச்சம்பழம் அளவு கட்டி.

“பூஜையப்போ இவ்வளவு இல்லே” என்றார் நிதாய். “இங்கே ஆஸ்பத்திரியிலே உடனே ஆபரேஷன்னு தேதியே கொடுத்தாங்க. வேலூர்லேயே பதிவாயிடுச்சு, எதுக்கு அவசரம்னு நான்தான் வேண்டாம்னுட்டேன். தப்பில்லையே, தீதி?”

ஷியாமளா பேயறைந்தவள் மாதிரி நின்றாள். அது வெறும் லாட்ஜ், டாக்டர் யாரும் வர மாட்டார், இங்கே நிற்காதீர்கள், நாளையே அந்த ஆபரேஷனுக்குப் போங்கள் என்று அவள் எப்படியோ சொல்லி முடித்தபோது, நிதாய் கோபப்படவில்லை. புரியாமல் சிவப்புப் பட்டனைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டார். குருமூர்த்திதான் சட்டையை மாட்டிக்கொண்டு, விட்ட தேதியைத் திரும்ப வாங்க முடியுமா பார்க்கலாம் என்று டாக்சியில் அவர்களைக் கூட்டிப் போனார்.

ஷியாமளா அண்ணாவுக்குப் போன் போட்டாள்.

“பதிவு பண்ணினவாளோடெல்லாம் நீ பேசினியா இல்லியா?”

“போன் பண்ணிக் கேட்டவாளுக்கெல்லாம் ரூம் கொடுத்தேன். மத்தவா என்னிக்கு வரா, எத்தனை பேர், ஒண்ணும் போடலை. வெறும் வியாதியை எழுதி அனுப்பினா நான் என்னடி பண்ண? ஓரமா ஒதுக்கி வெச்சேன்.”

“ஐயோ அண்ணா! அந்தக் கேள்வியெல்லாம் எடுத்தது நான்தான்.”

அன்றே டாக்டர் படத்தைத் தூக்கினாள். ‘இது ஆஸ்பத்திரி அல்ல, லாட்ஜ்’ என்று பக்கத்தின் தலையில் கொட்டை எழுத்தில் போட்டாள். “முதலிடம் போயிடும்டி, கடையை மூடணும்டி” என்று அண்ணா பதறினார். போகட்டும் என்றாள். பிறகு ஒதுக்கி வைத்த பதிவுகளை அவரிடமிருந்து வாங்கி, முதல் நம்பரை அழுத்தினாள். நெஞ்சு வலி என்று மட்டும் எழுதியிருந்த ஒருவர்.

ஒரே மணியில் எடுத்தது ஒரு சின்னப் பெண். எங்கிருந்து என்று கேட்டாள். வேலூர் பதிவு விஷயமாக என்று ஷியாமளா ஆரம்பித்ததுதான் தாமதம், அந்தப் பெண் வீடே அதிரக் கூவினாள்.

“அப்பா! அப்பா! வேலூர்லேர்ந்து கூப்பிட்டுட்டாங்க!”

உள்ளே யாரோ கைதட்டினார்கள். நாற்காலி நகர்ந்தது. மூச்சு வாங்க ஒருவர் நடந்து வருவது கேட்டது.

“சொல்லுங்க டாக்டர்” என்றார். “என்னிக்குக் கிளம்பி வரணும்?”