சட்டைக்கு எத்தனை பட்டன்?

தையற்காரருக்கு ஒரே தங்கை. அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டுவிட்டால், அன்று பாதி நாள் அதிலேயே போய்விடும்.

"டீச்சரா?"

"இல்லை. டீச்சருக்குப் பாடம் எழுதித் தர்றவ."

"அப்ப எல்லாம் தெரிஞ்சவங்கன்னு சொல்லுங்க."

"அவளுக்கு ஒண்ணுமே தெரியாது," என்பார் பெருமையாக. "தெரிஞ்சவங்களைப் பிடிச்சு உக்கார வச்சு, அவங்க மண்டைக்குள்ள இருக்கறதைத் தோண்டி எடுப்பா. அதுதான் அவ வேலை."

வீட்டில் அவளுக்கு நோண்டி என்று பெயர். ஏழு வயதில் ஓடிக்கொண்டிருந்த அலாரம் கடிகாரத்தைப் பிரித்து மறுபடி பூட்டினாள். இரண்டு பல்சக்கரம் மிஞ்சியது. கடிகாரம் அப்போதும் ஓடியது. அப்படியானால் இந்த இரண்டும் எதற்கு இருந்தன என்று கடிகாரக் கடைக்காரரைப் போய் மூன்று நாள் குடைந்தாள். அண்ணன் எட்டாவதோடு நிறுத்திக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தார். தங்கை அவர் தைத்த சீருடையிலேயே பட்டப்படிப்பு வாசல் வரைக்கும் போனாள்.

இப்போது அவள் இருப்பது ஒரு பயிற்சி நிலையத்தில். ஆஸ்பத்திரிகளுக்குப் புதிதாக வரும் வார்டு உதவியாளர்களுக்கு அங்கே பாடம். அந்த வருடம் ஒரு பாடம் அவள் கழுத்தில் சுருக்காக விழுந்திருந்தது. கட்டிலில் கிடக்கும் நோயாளியைச் சக்கர நாற்காலிக்கு மாற்றுவது எப்படி என்கிற பாடம். செய்முறைத் தேர்வில் முதல் அணியில் பாதிப்பேர் தேறவில்லை. இரண்டாவது அணியில் பாதிக்கும் மேல். காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் தேர்வாளர் கோடு போட்டிருந்தார். மேலாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: மூன்றாவது அணியும் கவிழ்ந்தால் பாடத்தை வெளியில் ரெடிமேடாக வாங்கிக்கொள்வோம், உங்களுக்கு இங்கே வேலை இருக்காது. தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது.

பாடத்தைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தவர் பிசியோ டாக்டர். பதினாலு பக்கம். 'இடுப்பு மூட்டின் வளைவுக் கோணம்' இரண்டாம் பக்கத்திலேயே வந்துவிடும். இன்னொரு நிபுணர், முப்பது வருடமாக வார்டில் ஆட்களைத் தூக்கி உட்காரவைக்கும் அம்மாள். எல்லாருக்கும் அவர் வார்டக்கா. அவரிடம் தங்கை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டதில் கிடைத்தது ஒரே வரி.

"தூக்கணும், உக்கார வைக்கணும். இதுக்கு எதுக்கு பதினாலு பக்கம்?"

ஒருவர் கடல் மாதிரி கொட்டுகிறார், இன்னொருவர் கல் மாதிரி இருக்கிறார். தங்கை சாப்பிடாமல் தட்டைத் தள்ளிவைத்தபோதுதான் அண்ணனுக்கு நிலைமை புரிந்தது.

"நான் ஏதாவது செய்யணுமா?"

"செய்யணும் அண்ணே. விடுமுறை அன்னைக்கு நிலையத்துக்கு வாங்க. பாடத்துல என்ன எழுதியிருக்கோ அதை மட்டும் செய்யணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

இதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. தலைவலித் தைலத்தோடு வரும் சீட்டைக்கூட அச்சகத்தின் பெயர் வரை படித்துவிட்டுத்தான் தடவுவார்.

மாதிரி வார்டில் ஒரு கட்டில், ஒரு சக்கர நாற்காலி, கடைசியில் ஓர் இரும்பு அலமாரி. "நானே நோயாளியா படுக்கறேன், என் பாடத்துல குறை இருக்கான்னு பாத்துடலாம்," என்று டாக்டர் கட்டிலில் ஏறிவிட்டார். வார்டக்கா மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். தையற்காரர் கழுத்தில் தொங்கிய டேப்பைச் சரிசெய்துகொண்டு, இடது கையில் தாள், வலது கையில் டாக்டர் என்று வேலையில் இறங்கினார்.

வரி வரியாகப் போனது. டாக்டரைத் திருப்பினார், விளிம்பில் உட்காரவைத்தார், முழங்காலை முழங்காலால் அணைத்தார். டாக்டர் கட்டை மாதிரி விறைத்துக்கொண்டார். ஒரு வழியாக எழுப்பி, திருப்பி, பதினொன்றாம் பக்கம் சொன்னபடி நாற்காலியில் இறக்கினார்.

நாற்காலி டாக்டரை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. "ஐயோ, ஐயோ!" என்ற குரலோடு பின்பக்கமாகவே போய் அலமாரியில் முட்டி நின்றது.

"பிரேக் போடலையா?" என்று கத்தினார் டாக்டர்.

தையற்காரர் பதினாலு பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். "எழுதலையே சார்."

"சக்கர நாற்காலின்னா பிரேக் போடணும்னு யாருக்குத் தெரியாது?"

"எங்க அண்ணனுக்குத் தெரியாது டாக்டர். பயிற்சிக்கு வர்றவங்களுக்கும் தெரியாது," என்றாள் தங்கை. வகுப்பில் அந்த நாற்காலி எப்போதும் சுவரோடு ஒட்டியே நிற்கும். அதனால் பிரேக் போடாதது அங்கே யாருக்கும் தெரியவில்லை.

தையற்காரர் டேப்பை எடுத்துக் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே அளந்தார். "ஏழடி மூணு அங்குலம். குறிச்சுக்கோம்மா. அதோட இன்னொண்ணு, டாக்டர் ரொம்ப விறைச்சுக்கிட்டாரு. துணி அப்படி விறைச்சா ஊசியே இறங்காது."

"பயத்துல யாரும் விறைப்பாங்க," என்றார் டாக்டர் தலைமுடியைச் சரிசெய்தபடி.

தங்கை வார்டக்கா பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க ஒருதரம் பண்ணுங்க. எதுவும் சொல்ல வேண்டாம். எப்பவும் போல பண்ணுங்க."

இந்தத் தடவை நோயாளி தையற்காரர். எடை எண்பத்தேழு கிலோ. வார்டக்கா அவர் தோளுக்குத்தான் வருவார். அவரை உட்காரவைத்துக்கொண்டே வார்டக்கா பேச்சுக் கொடுத்தார்.

"தையல் வேலையா தம்பி? ஒரு சட்டைக்கு எத்தனை பட்டன் வைப்பீங்க?"

"முன்னால ஏழு, கைக்கு ஒண்ணொண்ணு, பைக்கு ஒண்ணு. அப்புறம் உள்பக்கம் ஒரு உபரி பட்டன், தொலைஞ்சா..."

சொல்லி முடிக்கும்போது அவர் நாற்காலியில் இருந்தார்.

"எப்ப தூக்குனீங்க?" என்றார் திகைத்துப்போய்.

"இப்பதான்."

தங்கை விடவில்லை. மறுபடி, மறுபடி. பதினொரு தடவை தூக்கி இறக்கியதில் தையற்காரரின் அக்குள் கன்றிப்போனது. பிரேக்கை வார்டக்கா ஒவ்வொரு தடவையும் இடது குதிகாலால் தட்டிவிடுகிறார், அது அவருக்கே தெரியாது. தங்கை காட்டியபோது, யாரோ மாட்டிவிட்ட கால் போல அதைக் குனிந்து பார்த்தார். பிறகு கேள்வி. ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி. பதிலின் பாதியில் தூக்கு.

"நான் எங்கடி கேள்வி கேட்டேன்? சும்மா பேசிக்கிட்டு இருந்தேன்."

"அப்ப இந்தத் தடவை பேசாம தூக்குங்க அக்கா."

வார்டக்கா வாயை இறுக மூடிக்கொண்டு பிடித்தார். அவர் எப்போது தூக்குவார் என்று காத்துக் காத்துத் தையற்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரும்பாகிவிட்டார். முப்பது வருட அனுபவம் அசைக்கப் பார்த்தது. எண்பத்தேழு கிலோ அசையவில்லை. இரண்டு பேரும் கட்டிப்பிடித்தபடி பாதியில் நின்றார்கள்.

"அடிப்பாவி! இத்தனை வருஷமா வாயாலதான் தூக்கியிருக்கேனா?" என்று வார்டக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

ஐந்தே நாளில் பதினாலு பக்கம் இரண்டே பக்கமானது. முதல் வரி: குதிகாலால் பிரேக்கைத் தட்டுங்கள். நான்காவது வரி: ஒரு கேள்வி கேளுங்கள், பதில் பாதி வரும்போது தூக்குங்கள். ஆனால் டாக்டர் கையெழுத்துப் போட மறுத்தார். அவர் கையெழுத்து இல்லாமல் எந்தப் பாடமும் வகுப்புக்குப் போகாது. தேர்வுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

"அரட்டை அடிக்கறது எல்லாம் மருத்துவமா? இதை நான் அனுமதிக்க முடியாது."

தங்கை வாதாடவில்லை. "சரி டாக்டர். நீங்க ஒருதரம் படுத்துப் பாத்துட்டு வேண்டாம்னு சொல்லிடுங்க, எடுத்துடறேன்."

டாக்டர் அலமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படுத்தார். வார்டக்கா போர்வையை விலக்கியபடியே கேட்டார். "பொண்ணை எந்தக் காலேஜ்ல சேத்தீங்க டாக்டர்?"

"அதை ஏன் கேக்கறீங்க! எங்க சேத்தாலும் ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கலைன்னு போன வாரம் கூட..."

ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே டாக்டர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தபிறகும் இரண்டு வாக்கியம் திட்டினார். பிறகுதான் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"மூச்சு," என்றார் மெதுவாக. "பேசும்போது மூச்சை அடக்க முடியாது. மூச்சை அடக்கலைன்னா உடம்பு விறைக்காது. இதை எழுதிக்கோ, இது இல்லாம நாலாவது வரிக்கு அர்த்தமே கிடையாது."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே டாக்டர்?"

"முதல்ல எனக்குத் தெரிஞ்சது எனக்கே தெரியாதே!" என்று பேனாவைக் கேட்டு வாங்கினார்.

தேர்வன்று தையற்காரர் கடையைத் திறக்கவில்லை. ஷட்டர் பாதி ஏறிய கடைக்குள் உட்கார்ந்து, ஒரே காலரை நான்கு தடவை பிரித்துத் தைத்தார். மத்தியானம் தங்கை வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. சிரிப்பை அடக்குகிறாளா, அழுகையையா?

"என்னம்மா ஆச்சு?"

"பதினெட்டுல பதினேழு பேர் பாஸ் அண்ணே. வேலை நிலைச்சுடுச்சு. ஆனா..."

பாடத்தில் கேள்விக்கு உதாரணமாக அண்ணனிடம் வார்டக்கா கேட்ட கேள்வியையே அவள் போட்டிருந்தாள். பதினெட்டுப் பேரும் அதை அப்படியே மனப்பாடம் செய்துவிட்டார்கள். தேர்வுக்கு நோயாளியாகப் படுத்திருந்த தாத்தாக்களிடமும் அம்மாக்களிடமும் ஒவ்வொருவராக வந்து, குதிகாலால் பிரேக்கைத் தட்டிவிட்டு, "ஒரு சட்டைக்கு எத்தனை பட்டன் வைப்பீங்க?" என்று பயபக்தியோடு கேட்டிருக்கிறார்கள். இது என்ன கேள்வி என்று யோசித்தபடியே, ஒருவர் தவிர அத்தனை பேரும் நாற்காலிக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். தேர்வாளர் இந்தத் தடவை காரணக் கட்டத்தில் கோடு போடவில்லை, 'பட்டன் எதற்கு?' என்று எழுதியிருந்தார்.

"அந்த ஒருத்தர் ஏன் தேறலை?"

"அந்தப் பொண்ணு முன்னால தையல் கடையில வேலை பாத்தவ. நோயாளி ஆறுன்னு சொல்லியிருக்காரு. இல்லவே இல்ல, ஏழுன்னு சண்டைக்குப் போயிட்டா. தூக்கவே மறந்துட்டா."

தையற்காரர் காலரைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு அந்த உதாரணத்தை எடுத்துடறேன் அண்ணே. எதை வேணும்னாலும் கேளுங்கன்னு மாத்திடலாம்."

"எடுக்காதே," என்றார் அவர் அவசரமாக. "பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள பதிலையும் போட்டுடு. முன்னால ஏழுதான். அந்தப் பொண்ணு சொன்னது சரி."