பல்லில்லாத ரம்பம்

பெட்டியின் பலகைகளைப் பெயர்த்ததும் அவர் யாரிடமும் ஒன்றும் கேட்பதில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்து மாட்டிக்கொள்வார். குனிந்து, இயந்திரத்தின் ரம்பத்தில் கட்டைவிரலைப் பட்டும் படாமலும் வைத்து, ஒவ்வொரு பல்லாகத் தடவிக்கொண்டு போவார். அதுவரை கிடங்கில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். “ம், இது மரம் தின்னுற பல்லு” என்று நிமிர்ந்தாரானால் பாதி வேலை முடிந்தது.

சுங்க அலுவலகத்தின் வகைப்பாட்டுப் பிரிவில் அவருக்கு இது இருபத்திரண்டாவது வருஷம். கப்பலில் வந்திறங்கும் இயந்திரம் தீர்வை அட்டவணையில் எந்த எண்ணின் கீழ் வரும் என்று முடிவுசெய்வது உத்தியோகம். அதில் இரண்டு எண்கள் ஒட்டுச்சுவர் வீடுகள் மாதிரி அடுத்தடுத்து இருக்கின்றன. கல், கண்ணாடி, காங்கிரீட்டை அறுப்பதெல்லாம் அறுபத்து நாலு. மரம், எலும்பு, கெட்டி ரப்பர், கெட்டி பிளாஸ்டிக் வகையறா அறுபத்தைந்து. எண்ணின் முன்பாதியைச் சொல்லி யாரும் மூச்சை வீணாக்குவதில்லை. எந்த வீட்டில் குடியேற்றுகிறாரோ அதைப் பொறுத்தது வரி.

மரத்தை அறுக்கப் பல் வேண்டும். கல்லை அறுக்கும் தகட்டுக்குப் பல் கிடையாது. விளிம்பில் வைரத்தூள் பதித்திருக்கும், தேய்த்துத் தேய்த்தே அறுக்கும். எனவேதான் விரலால் பார்ப்பது. சரக்கை விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பல் டாக்டர். “டாக்டரம்மா வர்றாங்க, வாயைத் திறந்து வைங்கப்பா” என்று ஒருவர் சொன்னது ஒருநாள் காதில் விழுந்துவிட்டது. “வலிக்காமத்தான் பிடுங்குவேன்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஏஜென்ட் கொடுக்கும் பேனாவால்கூடக் கையெழுத்துப் போட மாட்டார். நாற்காலி வாங்கப் போனால் அதைக் கவிழ்த்துப்போட்டு அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்ப்பார். கூடப் போன மகள் கடைக்கு வெளியே போய் நின்றுகொள்வாள். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், பேச்சுக்குப் பேர்போனவர். அவர் ஒரு சேதியை ஆரம்பித்தால் இவர் கேட்பது ஒன்றுதான்: “நீங்க கண்ணால பாத்தீங்களா?” மனிதர்களைக் கேட்டால் கதை சொல்வார்கள், இயந்திரம் கதை சொல்லாது என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சிக்குப் போன வருஷம் ஓர் அடி விழுந்தது.

தாளில் ‘மரம் அறுக்கும் இயந்திரம்’ என்று எழுதி ஒரு பெட்டி வந்தது. திறந்தால் குழாய் குழாயாக வெட்டுமுனைகள். தடவினார், ஒன்றில்கூடப் பல் இல்லை, உப்புத்தாள் போல விளிம்பு சொரசொரத்தது. அடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி.

“மரத்துக்கு எதுக்குத் தண்ணி?”

ஏஜென்ட் தலையைச் சொறிந்தார். “அது... கம்பெனிக்காரங்க குடுத்த டிசைன் மேடம்.”

அதற்குமேல் அவர் யாரையும் கேட்கவில்லை. கல்லறுக்கும் இயந்திரம், மரம் என்று பொய் விவரம் தந்து குறைந்த வரிக்கு முயற்சி. உத்தரவு அன்று மாலையே போனது. இயந்திரம் கிடங்கில் நின்றது. கூடவே இறக்குமதியாளரின் பெயருக்கு எதிரே ஒரு குறிப்பும் ஏறியது. இனி அந்த ஆளுக்கு எது வந்தாலும் பிரித்துக் கொட்டித்தான் பார்ப்பார்கள்.

பத்து நாள் கழித்து அந்த ஆள் நேரில் வந்தார். சிப்பியில் சட்டைப் பொத்தான் செய்கிறவர். மேஜைமேல் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். கை அகலச் சிப்பி ஓடு, அதில் வட்ட வட்டமாகத் துளைகள்.

“நான் சிப்பின்னுதான்ம்மா சொன்னேன். இதெல்லாம் மரத்துக் கணக்குலதான் வரும்னு ஏஜென்ட் மரம்னு எழுதிட்டாரு. படிக்காமக் கையெழுத்துப் போட்டது என் தப்புதான்.”

“சிப்பியும் ஒருவகைக் கல்லுதானே?”

“அறுக்கும்போது முடி கருகின மாதிரி நாறும்மா. கல்லு நாறுமா?”

“உத்தரவு போயிடுச்சு. மேல்முறையீடு பண்ணிக்குங்க.”

அவர் வாதாடவில்லை. பொட்டலத்தை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போனார். அதுதான் இவரைக் குடைந்தது. பொய் சொல்கிறவர்கள் கிளம்புமுன் இன்னொரு தடவை சொல்லிப் பார்ப்பார்கள்.

மதியம் சாப்பிடப் போகாமல் தீர்வை அட்டவணையின் விளக்கக் குறிப்புப் புத்தகத்தை இறக்கினார். அறுபத்தைந்தாம் எண்ணின் பக்கம் அவருக்குத் தூக்கத்திலும் வரும். மரம், தக்கை, எலும்பு, கெட்டி ரப்பர் என்று விரல் இறங்கியது. ‘இவை போன்ற கடினப் பொருள்கள்’ என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கொம்பு, தந்தம், அவற்றோடு சிப்பியும் இருந்தது. இத்தனை வருஷமும் வந்ததெல்லாம் மர இயந்திரம். அந்த அடைப்புக்குறியைக் கண் தாண்டிப் போய்ப் பழகியிருந்தது.

மறுநாள் காலை பொத்தான்காரரின் விலாசம் தேடிப் போனார். ஒரு சந்தின் கடைசியில் தகரக் கூரை போட்ட பட்டறை. தரை, ஜன்னல் கம்பி, சுவர்க் கடிகாரம் எல்லாவற்றின் மேலும் மாவு கொட்டியது போல வெள்ளைத் தூசி. பழைய இயந்திரம் தண்ணீரில்லாமலே சிப்பியைக் குடைந்துகொண்டிருந்தது. அவர் சொன்ன நாற்றம் மூக்கில் ஏறியது. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்ட அவருடைய மனைவி, பொத்தான்களை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். நாலு பொத்தானுக்கு ஒருமுறை இருமல். இருமல் நிற்கும்வரை கை அப்படியே நிற்கும், பிறகு ஐந்தாவது பொத்தானை எடுக்கும்.

இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பொத்தான்காரர் சொன்னார்: “அன்னைக்கு எதுக்குத் தண்ணின்னு கேட்டீங்களாமே. தண்ணி விட்டு அறுத்தா தூசி பறக்காதும்மா. டாக்டர் இவளுக்கு இனிமே தூசியே ஆகாதுன்னுட்டாரு. அதுக்காகத்தான் அந்த மெஷின்.”

அந்த அம்மாள் துணியை இறக்கி, “உக்காருங்க, தூசியைத் தட்டிட்டுத் தர்றேன்” என்று ஸ்டூலை நகர்த்தினார். இவருக்கு உட்கார மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் கணவரிடம் முதல்முறையாக அலுவலகத்துக் கதை பேசினார். முழுக்கக் கேட்டுவிட்டு அவர், “நீ கண்ணால பாத்துட்டல்ல? அப்புறம் என்ன யோசனை?” என்றார்.

மேலதிகாரிக்கு யோசனை இருந்தது. “அந்த ஆள் அப்பீல் போனா அவங்க பாத்துக்கறாங்க. நீங்களா ஏன் வலியப் போய்த் தலையைக் குடுக்கறீங்க? இத்தனை வருஷத்துல உங்க உத்தரவு ஒண்ணுகூடத் திரும்பினதில்லையே.”

“அப்பீல் முடிய ஆறு மாசம் ஆகும் சார். அந்தம்மாவால அவ்வளவு நாள் இரும முடியாது.”

மேலதிகாரி திருத்த உத்தரவைத் தானே எழுதித் தட்டச்சு செய்யக் கொடுத்தார். நல்ல மனிதர், பழி விழாமல் தன் ஆளுக்குக் குடை பிடித்திருந்தார். ‘முகவர் அளித்த பிழையான விவரத்தின் காரணமாக’ முந்தைய முடிவு மாற்றப்படுகிறது, இயந்திரம் விடுவிக்கப்படுகிறது, இறக்குமதியாளர் பெயருக்கு எதிரான குறிப்பு நீக்கப்படுகிறது. பொய்யில்லை. எல்லாம் நடந்ததுதான்.

கையெழுத்துக்கு வந்த தாளை இவர் இரண்டு முறை படித்தார். கடைசி வரிக்கும் கையெழுத்துப் போடும் இடத்துக்கும் நடுவே ஒரு விரல் அகல வெற்றிடம் இருந்தது. பேனாவைத் திறந்து, அதற்குள் அடங்கும்படி சின்ன எழுத்தில் எழுதினார்: ‘இறக்குமதியாளரை ஒரு வார்த்தை கேட்காமல் முடிவுசெய்தது என் தவறு.’ மை காயட்டும் என்று தாளைச் சற்றுத் தூக்கி ஊதினார்.