இரும்புப் பாலம் யார் போட்டது

எங்கள் ஊரையும் திருச்செங்கோட்டுச் சாலையையும் இணைத்த இரும்புப் பாலத்தை எட்டு வயது வரை எங்கள் குடும்பச் சொத்து என்றே நினைத்திருந்தேன். அதைப் போட்டது அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்றவர் என்பது, சோற்றோடு சேர்த்து எங்களுக்கு ஊட்டப்பட்ட செய்தி. அதனால்தான் ஆடிப் பதினெட்டுக்குப் பாலத்துக்கு முதல் தேங்காய் உடைக்கும் உரிமை பெரியப்பாவுக்கு. முகப்பில் பதித்திருந்த இரும்புத் தகட்டுக்குத்தான் பூசை. வருஷா வருஷம் எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் ஏறி அது சாமியாகவே ஆகிவிட்டிருந்தது.

பாலத்தின் மேல் மோட்டார் பஸ் விடப்போவதாகச் சொல்லிக்கொண்டு ஓவர்சீயர் ஒருவர் வந்தார். பாலத்துக்கு என்ன வயது, போட்டது யார் என்று தெரியாமல் அனுமதி கிடையாதாம்.

“எங்கய்யன் போட்டதுங்க. ஒவ்வொரு கம்பியா நின்னு பூட்டுனாருங்க” என்றார் பெரியப்பா.

ஓவர்சீயர் தகட்டைச் சுரண்டச் சொன்னார். பெரியப்பா கும்பிட்டுவிட்டு அவரே சுரண்டினார். உள்ளே இங்கிலீஷ். ஓவர்சீயர் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்குள், ஊரில் இங்கிலீஷ் படிக்கும் ஒரே பெண்பிள்ளையான நான் முந்திக்கொண்டு சத்தமாக வாசித்தேன். ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் பெயர், கீழே வருஷம். அப்பாரு பிறந்தது தாது வருஷப் பஞ்சத்தில். இது அதற்கும் பத்து வருஷம் முந்தியது.

“பொறக்கறதுக்கு முந்தியே பாலம் போட்டுட்டாருங்களா உங்கய்யன்?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பெரியப்பா என்னைத் திட்டவில்லை. “நல்லாப் படிக்கறே சாமி” என்று மட்டும் சொன்னார். எனக்கு ஒரே பெருமை.

அந்த ஆடிக்கு முதல் தேங்காயை வேறொருவர் உடைத்தார். பெரியப்பா காய்ச்சல் என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டார். அதன்பின் ஆடிதோறும் அவருக்குச் சொல்லிவைத்தாற்போல் காய்ச்சல் வந்தது.

பாலத்துக்கு அடியில், பிள்ளைகள் மட்டுமே நுழையக்கூடிய இடுக்கில், நாங்கள் கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடுவோம். அங்கே கம்பிகள் சேரும் முனைகளில் க, உ, எ, அ என்று உளியால் வெட்டியிருக்கும். சேரும் இரண்டு முனையிலும் ஒரே எழுத்து. யாரோ எழுத்துப் பழகியிருக்கிறான், வரிசைகூடத் தெரியாதவன் என்று நான் சிரித்திருக்கிறேன்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, பழைய பாகப் பத்திரம் ஒன்றில் அதே க, அதே உ. எல்லாம் தமிழ் எண்கள்: க ஒன்று, உ இரண்டு, எ ஏழு, அ எட்டு. சீமைக் கம்பெனிக்காரன் தமிழில் எண் வெட்டியிருக்க மாட்டான். வேறெங்கோ நின்ற பாலத்தைப் பிரித்து, முனைக்கு முனை எண் போட்டு, வண்டியேற்றி வந்து இங்கே பூட்டியிருக்கிறார்கள். தகட்டில் இருந்தது பாலத்தைச் செய்த வருஷம்; இங்கே நின்று பூட்டியது அப்பாருதான். பெரியப்பா சொன்னது பொய்யில்லை.

பெரியப்பாவுக்குத் தமிழ்க் கணக்கு அத்துப்படி. ஒரு பார்வை போதும். ஆனால் அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. இங்கிலீஷை வாசிக்க அத்தனை அவசரமாக முந்திய எனக்கு, “பெரியப்பா, கொஞ்சம் குனிஞ்சு இதயும் பாருங்க” என்று சொல்ல அன்று தெரியவில்லை.