கிரைண்டர் ஸ்டாலுக்கு ஆள் சேர்த்த கதை

பொருட்காட்சியில் ஸ்டால் போடுவது பெரிய வித்தை இல்லை. தாண்டிப் போகிறவரை இரண்டு நிமிடம் நிற்க வைப்பதற்குள்தான் பிராணன் போய்விடும். தொண்டை வற்ற "வாங்க சார், பாருங்க சார்" என்று கத்திப் பழகியவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நான் கொல்கத்தாவில் லேக் கார்டன்ஸ்வாசி. இருபது வருட ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றின் வெட் கிரைண்டரை இந்த ஊரில் விற்க இறங்கினேன். முதலில் வாங்கியவர்கள் எல்லாம் நம்மவர்கள். அவர்கள் தீர்ந்ததும் விற்பனையும் தீர்ந்தது. கம்பெனி மேனேஜர் செந்தில் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: ஐந்து நாள் பொருட்காட்சியில் பத்துக் கடைக்காரர்களாவது 'உங்கள் கிரைண்டரை விற்கிறோம்' என்று விண்ணப்பம் தர வேண்டும், இல்லையென்றால் ஏஜென்சி கைமாறிவிடும். என் மனைவி வசந்தாவும் நானும் ஸ்டாலில் நின்றோம்.

பை

இலவசமாக ஏதாவது கொடுத்தால் கூட்டம் வரும் என்று யாரோ சொன்னார்கள். கம்பெனி பெயர் போட்ட துணிப்பை அடித்துக் கொண்டுபோனேன். கூட்டம் வந்தது, பையை வாங்கியது, போயிற்று. மதியம் ஹாலைச் சுற்றி வந்தேன். திரும்பிய பக்கமெல்லாம் என் பை. பைக்குள் எல்லாம் மற்ற ஸ்டால்களின் நோட்டீஸ். என் நோட்டீஸ்கள் குப்பைக்கூடையில் கிடந்தன.

சாயங்காலம் பையை வாங்கிப்போன ஒரு பெண்மணி திரும்பி வந்தார். ஆகா, கிரைண்டரைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நிமிர்ந்து நின்றேன். அவர் பையை விரித்துக் காட்டி வங்காள மொழியில் கேட்டார்: "அண்ணா, அடுத்த ஸ்டாலில் ஜிப் வைத்த பை தருகிறார்கள். உங்கள் கம்பெனி ஏதாவது கஷ்டத்தில் இருக்கிறதா?"

நாற்காலி

"நிக்க வெச்சே பேசினா யார் கேப்பாங்க? உக்கார வைங்க" என்றாள் வசந்தா. மறுநாள் மூன்று நாற்காலி போட்டேன். இந்த ஊரில் காலி நாற்காலியைக் கண்ணில் காட்டக்கூடாது என்பது இத்தனை வருடமாகியும் எனக்கு உறைக்கவில்லை. பதினொரு மணிக்கு ரிடையரான மூன்று பெரியவர்கள் வந்து அமர்ந்தார்கள். கால்பந்தில் ஆரம்பித்து, அரசியலில் அடித்துக்கொண்டு, இலிஷ் மீனில் சமாதானமானார்கள். நடுவே மூன்று தரம் டீ. சாந்த்ராகாச்சியிலிருந்து ஒரு மிக்ஸி கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஸ்டால் நிறைந்திருக்கிறது, அப்புறம் வருகிறேன் என்று போனவர் போனவர்தான்.

நாலு மணிக்குப் பொறுமை போய்விட்டது. "சார், வாடிக்கையாளர் வருகிற நேரம்..." என்று இழுத்தேன். மூவரில் மூத்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, பரிவோடு சொன்னார்: "பாவம், காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாயே, எங்கிருந்தாவது ஒரு நாற்காலி எடுத்து வந்து நீயும் உட்காரேன்!"

இட்லி

மூன்றாம் நாள், எங்கள் கிரைண்டரில் அரைத்த மாவில் வசந்தா வீட்டில் இட்லி வார்த்து, சூடு ஆறாமல் டப்பாவில் கொண்டுவந்தாள். வரிசை ஹால் வாசல் வரை போயிற்று. தின்றவர்களில் ஒருவர்கூடத் தலையைத் திருப்பி மெஷினைப் பார்க்கவில்லை. சட்னி தீர்ந்ததும் கூட்டமும் கலைந்தது.

வரிசையில் ஒரு தமிழ்ப் பையன், ஐ.டி.க்காரன். சேலத்திலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆயிற்றாம். நம்ம பிள்ளை, கிரைண்டரின் அருமை தெரியும் என்று அரை மணி நேரம் கல்லையும் மோட்டாரையும் விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே ஆறு இட்லியை முடித்தான். "சூப்பர்ணா. மெஷின்லாம் வேணாம், மாவு மட்டும் டெய்லி ரூமுக்கு அனுப்புவீங்களா?"

கடுகு

மூன்று நாள் முடிந்து கையில் ஒரு விண்ணப்பமும் இல்லை. எனக்கு அழுகையே வந்தது. இந்த ஊர்க்காரர்கள் இட்லிக்கு அரைக்க மாட்டார்கள், மீன் குழம்புக்குக் கடுகைத்தானே அரைப்பார்கள் என்று நாலாம் நாள் ஊறவைத்த கடுகைக் கொட்டி மெஷினைப் போட்டேன். நமக்குக் கடுகு தாளிக்கத்தான்; அரைப்பதற்கு ஒரு பக்குவம் உண்டென்று எனக்கும் தெரியாது, வசந்தாவுக்கும் தெரியாது. இருபது நிமிடம் வெண்ணெயாக ஓடவிட்டு, முதலில் நின்ற அம்மாளுக்கு ஒரு விரல் விழுது கொடுத்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அப்படி ஒரு கசப்பு.

அவ்வளவுதான். "என்ன ஆச்சு?" என்று நாலு பேர். நாலு பேரைப் பார்த்து நாற்பது பேர். ஆளுக்கொரு விரல் நக்கி, ஆளுக்கொரு திட்டு. அந்த அம்மாள் புடவையைச் செருகிக்கொண்டு மேஜைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார். கார்டன் ரீச்சில் பாத்திரக்கடை வைத்திருக்கும் மாசிமா. இங்கே வயதில் மூத்த பெண்கள் எல்லாருமே மாசிமாதான். கல்லைக் கழுவி, புதுக் கடுகு போட்டு, நாலு நிமிடத்தில் அரைத்து எடுத்தார். கூட்டம் ருசி பார்த்து மயங்கியது. மூன்று கடைக்காரர்கள் அங்கேயே விண்ணப்பம் தந்தார்கள். மாசிமா என் பக்கம் திரும்பினார்: "உப்பும் பச்சை மிளகாயும் போடாமல் அரைத்தால் கடுகு கசக்கும் என்று உன் வீட்டில் ஒருவருமே சொல்லித் தரவில்லையா?"

மேனேஜர்

கடைசி நாள் நான் வேண்டுமென்றே உப்பில்லாமல் அரைத்தேன். மானம் போனால் போகட்டும், ஏஜென்சி போகக்கூடாது. நான் திட்டு வாங்க, கூட்டம் கூட, அன்றும் வந்திருந்த மாசிமா காப்பாற்ற, கூட்டத்துக்குள் இருந்த கடைக்காரர்களுக்கு அவரே விண்ணப்பம் நிரப்பிக் கையெழுத்து வாங்கினார். எனக்குக் கல்லைக் கழுவவே நேரம் சரியாக இருந்தது. மொத்தம் பன்னிரண்டு! வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று மணிக்குச் செந்தில் விமானத்தில் வந்து இறங்கினார். விண்ணப்பங்களைப் புரட்டினார். "ஏனுங்க, இதெல்லாம் ஆரு எழுதுனதுங்க?" நான் மாசிமாவைக் காட்டினேன். பொய் சொல்லியிருக்கலாம், அந்த நேரத்தில் தோன்றவில்லை. செந்தில் அவரோடு கால் மணி நேரம் இந்தியில் பேசிவிட்டு வந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. ஏஜென்சி அந்தம்மாகிட்ட இருக்கட்டுமுங்க, நீங்க டெமோ பாத்துக்கங்க." மாசிமா வந்து என் தோளில் தட்டினார். "கவலைப்படாதே. அடுத்த பொருட்காட்சியிலும் நீ இதே மாதிரி தப்பாக அரை, நான் வந்து திட்டுகிறேன்."

ஸ்டாலுக்கு ஆள் சேர்க்க வழி கேட்பவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்கிறேன்: தெரியாத வேலையை ஊரே பார்க்கத் தாராளமாகச் செய்யுங்கள், விண்ணப்பத்தை மட்டும் உங்கள் கையாலேயே எழுதிவிடுங்கள்.